பாதி வழியில் நின்ற கண்

அலாஸ்காவில் தூண்டில் போடுபவர்கள் ஆசைப்பட்டுத் தேடிப் போகும் மீன் பசிபிக் ஹாலிபட். 200 கிலோவையும் தாண்டி வளரக்கூடிய தட்டை மீன் அது. பழுப்பு நிறமும் இரண்டு கண்களும் வலப் பக்கத்தில் இருக்கும். கடல் தரையில் படியும் இடப் பக்கம் கண்ணில்லாமல் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஏறத்தாழ 20,000 மீன்களில் ஒன்றுதான் இதற்கு நேர்மாறாக, இடப் பக்கத்தில் கண்களோடு வரும். இன்னொரு வகை விசித்திரமும் அவ்வப்போது தூண்டிலில் சிக்குகிறது. எப்படிப் புரட்டிப் போட்டாலும் வெள்ளையே தெரியாத, இரு பக்கமும் பழுப்பான மீன்.

படகில் இருப்பவர்கள் படம் பிடித்துக்கொண்டு, இது நோயா, கலப்பினமா என்று பேசிக்கொள்வார்கள். இரண்டும் இல்லை. தட்டை மீன் பிறக்கும்போதே தட்டையாக இருப்பதில்லை. பிறகுதான் அப்படி ஆகிறது. அந்த மாற்றத்தில் ஏதோ ஒரு கட்டம் தவறிப்போனதன் அடையாளமே இந்த மீன்கள்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு மற்ற மீன் குஞ்சுகளைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்துகிறது. சில வாரங்களில் தைராய்டு ஹார்மோன் பெருகுகிறது. உடனே மண்டையோட்டு எலும்புகள் முறுக்கிக்கொள்ள, ஒரு கண் உச்சந்தலையைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேருகிறது. குஞ்சு ஒருக்களித்துச் சாய்ந்து தரையில் படுக்கிறது. பெரிய மீனுக்குரிய கறுப்பு நிறமிச் செல்கள் மேல் பக்கத்தில் மட்டும் பரவுகின்றன. இதில் ஹார்மோனின் பங்கு வெறும் ஊகமல்ல. 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் குஞ்சுகளுக்குத் தைராய்டு ஹார்மோனைக் கொடுத்து, உருமாற்றத்தை முன்கூட்டியே நடத்திக் காட்டினார்கள்.

இரு பக்கமும் நிறமேறிய மீன் கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் தலையைத்தான். நிறம் தலைவரை முழுதாகப் பரவியிருந்தால், பெரும்பாலும் ஒரு கண் பயணத்தை முடிக்காமல் உச்சந்தலை விளிம்பிலேயே நின்றிருக்கும். அதற்குப் பின்னால் முதுகுத் துடுப்பின் முன்முனை கொக்கிபோல வளைந்து தொங்கும். இயல்பான மீனில் கண் கடந்துபோன பிறகு துடுப்பு தலைமேல் முன்னோக்கி வளரும். இங்கே வழியில் கண் நிற்கிறது. துடுப்புக்கு ஏது இடம்? அடிப்பக்கம் கறுத்திருந்தும் தலை மட்டும் வெள்ளையாக இருக்கும் மீன்களில் கண்கள் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. ஒரே உருமாற்றத்தின் இரு முகங்களாக நிறமும் கண்ணும் பிணைந்திருப்பதை இந்தக் கொக்கி மீன்களைவிடத் தெளிவாகக் காட்டுவது எதுவுமில்லை.

ஆனால் எல்லாக் கறுப்பும் ஒரே காரணத்தால் வருவதல்ல. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 1890களில் ஜே. டி. கன்னிங்ஹாம் என்ற விலங்கியலாளர் ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீன்களைக் கண்ணாடி அடித்தளம் கொண்ட தொட்டியில் வளர்த்தார். மேலே மூடிவிட்டு, நிலைக்கண்ணாடி வைத்து அடியிலிருந்து வெளிச்சம் பாய்ச்சினார். மாதக்கணக்கில் வெளிச்சம் பட்டபின் வெள்ளை அடிப்பக்கத்திலும் நிறமி தோன்றியது. பெற்ற பண்பு வழிவழியாகத் தொடரும் என்ற லாமார்க்கின் கருத்துக்கு ஆதரவாக அதை அவர் வாதாடினார். அந்த வாதம் நிற்கவில்லை, சோதனையின் முடிவு நிலைத்தது.

ஜப்பானில் இது இன்று சந்தை விவகாரம். அங்கே ஹிராமே என்ற தட்டை மீனின் குஞ்சுகளைப் பொரிப்பகங்களில் வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். மணலில்லாத வெறுந்தொட்டியில் வளர்ந்த குஞ்சுகளின் அடிப்பக்கத்தில் கறுப்புத் திட்டுகள் படர்வது சகஜம். தொட்டியில் மணல் பரப்பினால் அது குறைகிறது. திட்டு விழுந்த மீனை அங்குள்ள தூண்டில்காரர்கள் பாண்டா ஹிராமே என்பார்கள். புரட்டிப் பார்த்ததுமே அது பொரிப்பகத்தில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். சந்தையில் விலையும் குறைகிறது. தின்னத் தகாததாக ஆனதால் அல்ல, பார்வைக்கு வேறாக இருப்பதால்.

இடம் வலம் விஷயத்தில் ஜப்பானியர்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: கண் இடப் பக்கம் இருந்தால் ஹிராமே, வலப் பக்கம் இருந்தால் கரேய். அந்தக் கணக்கைக் குலைப்பது நட்சத்திர ஃப்ளவுண்டர். வலக்கண் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கலிபோர்னியா கரையில் ஏறக்குறைய பாதி மீன்கள் இடக்கண். அலாஸ்காவில் சுமார் 70 விழுக்காடு. ஜப்பானிலோ கிட்டத்தட்ட எல்லாமே. 1903இல் ஹார்வர்டின் ஜி. எச். பார்க்கர் இவற்றின் மூளைக்கு அடியில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்தை ஆராய்ந்தார். இடக்கண் மீனிலும் நரம்புகள் வலக்கண் மீனில் உள்ளதைப் போலவே அடுக்கப்பட்டிருந்தன. கண் எதிர்ப்பக்கம் போனதால் அவை கூடுதலாக ஒருமுறை முறுக்கிக்கொண்டிருந்தன. பக்கம் மாறியது வெளியில்தான். உள்ளே மூதாதையின் ஒழுங்கு அப்படியே இருக்கிறது.

பாதியில் நின்ற கண்ணுக்கு அறிவியல் வரலாற்றில் தனி இடமே உண்டு. 1871இல் செயின்ட் ஜார்ஜ் மைவார்ட் டார்வினை மடக்கியது இந்த மீனை வைத்துத்தான். கண் சிறிது மட்டும் நகர்ந்தால் மீனுக்கு என்ன லாபம், படிப்படியான பரிணாமம் இங்கே எப்படிச் செல்லும் என்று கேட்டார். மறு ஆண்டு வந்த தம் நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் பதில் எழுதினார், ஆனால் காட்டப் புதைபடிவம் இல்லை. அது கிடைக்க 2008 ஆனது. சுமார் 5 கோடி ஆண்டுகள் பழமையான ஆம்ஃபிஸ்டியம், ஹெட்டரோனெக்டெஸ் என்ற மீன்களில் ஒரு கண் உச்சியை நோக்கி நகர்ந்திருந்தும் மறுபக்கம் போய்ச் சேரவில்லை என்று மாட் ஃப்ரீட்மன் காட்டினார். அவை பாதியில் நின்ற குஞ்சுகள் அல்ல, வளர்ந்த மீன்கள்.

உயிரோடிருக்கும் மீன்களிலும் அதற்குச் சாட்சி உண்டு. கிரீன்லாந்து ஹாலிபட்டின் மேல் கண் தலை விளிம்பில்தான் இருக்கிறது, அடிப்பக்கமும் கறுப்பு. மற்ற ஹாலிபட்டில் கோளாறாகத் தோன்றுவது இதற்கு இயல்பான வடிவம். தமிழ்நாட்டுக் கரையில் இழுவலையில் வரும் எருமை நாக்கு மீனும் ஏறக்குறைய இப்படித்தான். பெரிய வாய், கூரிய பற்கள், சில மீன்களில் இடக்கண், சிலவற்றில் வலக்கண். மேல் கண் விளிம்பை ஒட்டியே இருக்க, முதுகுத் துடுப்பு தலைமேல் ஏறாமல் கண்ணுக்கு வெகு பின்னால்தான் தொடங்குகிறது.