விற்ற சிற்பமும் விற்காத உரிமையும்

ஒரு மரச்சிற்பம் விலைக்குக் கைமாறும்போது வாங்குபவரிடம் சேர்வது அந்தப் பொருள் மட்டுமே என்பதையும், அதன் உருவைப் பிரதி செய்யும் உரிமை செதுக்கியவரிடமே எஞ்சி நிற்கிறது என்பதையும் விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் அறிவதில்லை. புத்தளம் - கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டிக்கு வழி பிரியும் பாலாவி போன்ற ஊரில் இந்த அறியாமையால் விளையும் இழப்பு பெரிது. ஏனெனில் டொல்பின் பார்ப்பதற்கும் கடலில் விளையாடுவதற்கும் கற்பிட்டிக்குச் செல்லும் உல்லாசப் பயணியிடம் விற்ற சிற்பத்தை மறுபடி காணும் வாய்ப்பு அரிது, இடைத்தரகரிடம் விற்றதோ எந்தக் கடையில் எவர் பெயரில் நிற்கிறது என்பதே தெரியாமற் போய்விடும்.

விற்றபின் தோன்றும் மனவருத்தம் மட்டுமே விற்பனையை முறிக்கப் போதுமான காரணமாகாது. இலங்கையில் இன்றும் நடைமுறையிலுள்ள 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, முடிவுற்ற நிலையிலுள்ள ஒரு குறிப்பிட்ட பொருளின் உடைமை, வேறு நிபந்தனை இல்லாவிடின், ஒப்பந்தம் செய்யப்பட்ட கணத்திலேயே வாங்குபவருக்குச் சென்றுவிடுகிறது. விலை குறைவாக அமைந்துவிட்டது என்று பின்னர் உணர்வதால் அது திரும்பி வராது. பொய் சொல்லியோ அச்சுறுத்தியோ பெறப்பட்ட இணக்கமாயின் நிலைமை வேறு. அதேபோன்று, ‘விற்றால் காசு, விற்காவிட்டால் பொருள்’ என்ற பேச்சில் கடைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்ட சிற்பம் இன்னும் விற்கப்பட்டதாகாது. கடைக்காரர் அதை ஏற்றுக்கொண்டதாகக் காட்டினாலோ, அல்லது குறித்த தவணை கடந்தும், தவணை குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலம் கடந்தும், மறுப்புச் சொல்லாமல் தம்மிடமே வைத்துக்கொண்டாலோ அன்றி, அதன் உடைமை சிற்பியிடமே இருக்கிறது. ஆகவே இவ்வாறு ஒப்படைக்கும்போது தவணைத் திகதியை எழுதி வாங்குவது இன்றியமையாதது.

பொருள் போனபின்னும் எஞ்சுவதைக் காப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். புலமைச் சொத்து என்பது அறிவாலும் கைத்திறனாலும் படைக்கப்பட்டவற்றின்மீது படைத்தவருக்குள்ள உரிமையைக் குறிக்கும். சுயமாகப் படைக்கப்பட்ட சிற்பத்துக்கு, எங்கும் பதிவு செய்யாமலே, செதுக்கியவரின் வாழ்நாளும் அதற்குப்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. விளக்குத்தண்டு, பெட்டி போன்ற பயன்பாட்டுப் பொருளில் அமைந்த கலைவேலைக்கு, அதாவது பிரயோகக் கலைக்கு, அது செய்யப்பட்ட நாளிலிருந்து 25 ஆண்டுகள் மட்டுமே. வாங்கியவர் அப்பொருளை வீட்டில் வைக்கலாம், மறுபடி விற்கலாம். அதை அச்செடுத்து நூறு பிரதிகள் செய்து விற்க அவருக்கு உரிமையில்லை. அவ்வுரிமையைக் கைமாற்ற இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும் என்பது சட்டம். பட்டறையில் சம்பளத்துக்கு வேலை செய்பவரின் நிலை இதற்கு மாறானது; வேறு உடன்பாடு இல்லையேல் அவர் பணியின்போது செய்த வேலையின் பொருளாதார உரிமை முதலாளிக்கே உரியது.

பணத்தோடு தொடர்பற்ற இன்னொரு வகை உரிமையும் உண்டு; அதுவே இவ்விடயத்தில் மிக மதிக்கத்தக்கது. தம் பெயர் படைப்போடு குறிப்பிடப்படவேண்டும் என்று கோருவதும், தம் மதிப்புக்குக் கேடாக அதைச் சிதைப்பதை எதிர்ப்பதும் ஒழுக்க உரிமைகள் எனப்படும். புது டில்லி விக்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் உருவாக்கிய பிரமாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சேதமடைந்தபோது, பணம் கொடுத்து வாங்கிய இந்திய அரசின்மீதே அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் தீர்ப்பளித்த டில்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடம் திருப்பித் தரவும் 5 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கவும் கட்டளையிட்டது. அத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது எனினும், விற்றபின்னும் சிற்பிக்குச் சொல்லுரிமை உண்டு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தெற்காசியாவில் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

உரிமை இருந்தும் அதை நிறுவச் சான்றில்லாததே கைவினைஞர் தோற்குமிடம். கோடு வரைந்த மரக்கட்டை, பாதி செதுக்கிய உருவம், மினுக்கி முடித்த சிற்பம் என ஒவ்வொரு நிலையிலும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதோடு, சிற்பத்தின் அடிப்புறத்தைக் கிட்ட வைத்துத் தெளிவாகப் படமெடுப்பதும் அவசியம். அங்கே தெரியும் வரியோட்டமும் கணுவும் அந்தக் கட்டைக்கே உரியவை என்பதால், சிற்பத்தில் பொறித்த சிற்பியின் பெயரைச் சுரண்டி அழித்தாலும் அது எந்தச் சிற்பம் என்பதை அவை காட்டும். பற்றுச்சீட்டில் ‘சிற்பம் மட்டுமே விற்கப்பட்டது, பிரதி செய்யும் உரிமை விற்கப்படவில்லை’ என ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. விலை பேசிய வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்கக்கூடாது. மின்வடிவில் உள்ளது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஆவணம் செல்லாததாகாது என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் உறுதிசெய்கிறது.

பிரதி செய்யப்படுவதை அறிந்தவர் முதலில் எழுத்துமூலம் அறிவித்தல் கொடுக்கலாம். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம். வர்த்தக மேல் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கோரலாம். வேண்டுமென்றே மீறுவது 5 இலட்சம் ரூபா வரையான தண்டத்துக்கோ 6 மாதம் வரையான சிறைக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றமாகும். வழக்குச் செலவுக்கு வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். விலைப்பணம் நிலுவையில் நிற்கும் சிறு பிணக்குகளுக்கு, ஊர் வழக்கில் இணக்க சபை எனப்படும் மத்தியஸ்த சபையே அருகிலுள்ள வழி.

ஆயினும் விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கும் கைவினைஞர் கூலிக்கும், அவை செலுத்தப்படவேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள்ளேயே வழக்குத் தொடுக்கவேண்டும் என்று காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வரையறுத்துள்ளது. ‘அடுத்த சீசனுக்குத் தருகிறேன்’ என்ற வாக்கை நம்பிக் காத்திருப்பவர்கள், அந்த ஓர் ஆண்டு கழிவதற்குள் தம் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துச் சட்ட ஆலோசனையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.