குறட்டை நடுவே மூச்சு நிற்கிறதா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றின் சிகிச்சைக்கு வருவோரிடம் உறக்கத்தைப் பற்றியும் நாங்கள் கேட்பதுண்டு. "படுத்தவுடன் குறட்டைதான்; நன்றாகவே உறங்குகிறார்" என்று பெரும்பாலும் உடன் வந்தவரே விடை கூறுவார். குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அது சரியன்று. உரத்த குறட்டை திடீரென நின்று, சில நொடிகள் அமைதி நிலவி, பின் திணறலுடன் மீண்டும் தொடங்குமானால், அது 'ஸ்லீப் அப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோயாக இருக்கக்கூடும்.

என்ன நிகழ்கிறது?

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் பின்சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. மார்பும் வயிறும் அசைந்தாலும் காற்று உட்செல்வதில்லை. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது. காலையில் நோயாளிக்கு இது நினைவிராது. 10 நொடிகளேனும் நீடிக்கும் இத்தகைய முழுத்தடையோ பகுதித்தடையோ மணிக்கு 5 முறைக்குக் குறைவாக இருப்பது இயல்பு. 30 முறையை எட்டினால் நோய் கடுமையானது.

அறிகுறிகள்

• உரத்த குறட்டை, இடையே மூச்சு நிற்றல், திணறி எழுதல்
• காலையில் தலைவலி, வாய் உலர்தல்
• இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல்
• பகலில் அடக்கவியலாத தூக்கம், மறதி, எரிச்சல்

பருமனானோர், கழுத்து தடித்தோர், மாதவிடாய் நின்ற பெண்கள் ஆகியோருக்கு வாய்ப்பு மிகுதி. தாடை சிறுத்தவர்களுக்கு, உடல் மெலிந்திருந்தாலும் வரலாம். டான்சில், அடினாய்டு வீங்கிய குழந்தைகளுக்கும் இந்நோய் உண்டு. அவர்கள் தூங்கி வழிவதைவிடத் துறுதுறுப்பும் கவனக்குறைவும் காட்டுவதே அதிகம்.

விளைவுகள்

ஒவ்வொரு தடையின்போதும் இரத்த அழுத்தம் எகிறுகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் மாரடைப்பு, பக்கவாதம், சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டும் அழுத்தம் குறையாதவர்கள் இந்நோயையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இரவில் பேருந்தும் லாரியும் ஓட்டுவோர்க்கு இது உயிர்ப்பிரச்சினை. தேநீரும் முகம் கழுவுதலும் இத்தூக்கத்தைப் போக்கா. வாகனம் ஓட்டுகையில் ஒருமுறை கண் அயர்ந்திருந்தாலும் சிகிச்சை தொடங்கும்வரை ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டுகிறோம்.

சோதனையும் சிகிச்சையும்

ஓர் இரவு முழுவதும் மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்யும் உறக்க ஆய்வு நோயை உறுதிசெய்யும். இதில் ஊசியோ வலியோ இல்லை. மிதமான, கடுமையான நோய்க்கு 'சிபாப்' கருவியே முதன்மைச் சிகிச்சை. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய இம்முறையில், மூக்கில் பொருத்தும் முகமூடி வழியே செல்லும் காற்றழுத்தம் தொண்டையை மூடாமல் காக்கிறது. முதல் சில நாள்கள் சங்கடமாக இருக்கலாம், பழகிவிடும். எடைக் குறைப்பும் ஒருக்களித்துப் படுப்பதும் துணைபுரியும். மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதால் அதை விலக்குக. தூக்க மாத்திரையை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ள வேண்டா.

குடும்பத்தினருக்கு

நோயாளி தம் மூச்சு நிற்பதைத் தாமே அறியார். அருகில் உறங்கும் நீங்களே அறிவீர்கள். கைப்பேசியில் இரண்டு நிமிடங்கள் பதிவுசெய்து வந்து எங்களிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடமும் இதனைத் தவறாமல் கூறுங்கள்.