குடலுக்குள் ஒரு ஸ்டேப்ளர்!

ஸ்டேப்ளர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆபீஸ் மேஜை. அதன் மேல் ஒரு துருப்பிடித்த சமாசாரம். அவசரத்துக்கு அமுக்கினால் பின் வராது. வந்தாலும் ஒரு கால் மடங்கும், இன்னொரு கால் நம் விரலைப் பதம் பார்க்கும். 'சே!' என்று பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி அமுக்குவோம். காகிதம்தானே... போனால் போகிறது!

அதே சமாசாரத்தை உங்கள் குடலில் வைத்து அமுக்கினால்?

வயிற்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். உலகம் முழுக்க தினமும் நடக்கிற விஷயம்தான். குடல், இரைப்பை, நுரையீரல் என்று வெட்டி ஒட்டுகிற ஆபரேஷன்களில் பாதி வேலையை இன்றைக்கு ஸ்டேப்ளர்தான் பார்க்கிறது. நமக்குத்தான் சொல்வதில்லை. 'தையல் போட்டிருக்கு' என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

எனக்கு இது தெரியவந்தது எங்கள் பெரியப்பா புண்ணியத்தில்.

எங்களுக்கு ஊர் சேலம் பக்கத்தில் இளம்பிள்ளை. கஞ்சமலை அடிவாரம். தெருவுக்குள் நுழைந்தால் மனுஷக் குரலுக்கு முன்னால் தறிச் சத்தம்தான் 'வாங்க' என்று கூப்பிடும். பெரியப்பா நாற்பது வருஷம் தறியோடு வாழ்ந்தவர். சில வருஷங்களுக்கு முன் அவருக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் ஒரு கட்டி. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. முந்தின நாள் டாக்டர் வந்து ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார்.

"கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துட்டு, மேல் குடலையும் கீழ் குடலையும் சேர்த்துடுவோம் பெரியவரே. ஸ்டேப்ளர் இருக்கு. ஒரே அமுக்கு!"

பெரியப்பா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏனுங்க டாக்டரு, பாவு பிணைக்கிற மாதிரிங்களா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் இடையில் புகுந்து சொன்னேன். தறியில் ஒரு பாவு தீரும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்குவார்கள். ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று விட்டுப்போனாலும் சேலை நெடுகக் கோடு விழும்.

"அதேதான் பெரியவரே! உங்களுக்குச் சேலையிலே கோடு விழும். எங்களுக்கு..." என்று ஆரம்பித்த டாக்டர், எதிரில் இருப்பவர் பேஷன்ட் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். குடலைச் சேர்த்த இடத்தில் சின்னதாக ஒரு கசிவு இருந்தாலும், உள்ளே இருக்கிற அசுத்தம் வயிற்றுக்குள் பரவும். சீழ், ஜுரம், ரத்தத்தில் விஷம் ஏறுவது... உயிருக்கே ஆபத்து. கத்தியைப் பிடிக்கத் தெரிந்த எந்த டாக்டரும் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் பயப்படுவது இந்தக் கசிவுக்குத்தான்.

பெரியப்பா விடவில்லை. "அந்த மெஷினு பாதியில மக்கர் பண்ணினா?"

"கையாலே தைச்சுடுவேன். அதைக் கத்துக்காம எங்களை இதைத் தொடவே விடமாட்டாங்க!"

பெரியப்பா திருப்தியாகப் படுத்துத் தூங்கினார். நல்லபடியாக வீடும் வந்து சேர்ந்தார். எனக்குத்தான் 'மக்கர் பண்ணினா?' என்ற கேள்வி மண்டையில் உட்கார்ந்துகொண்டது. தேடிப் படித்தேன். படித்ததை உங்களிடமும் இறக்கி வைக்கிறேன்.

எறும்பிலிருந்து ஆரம்பம்

முதல் ஸ்டேப்ளர், எறும்பு! சுஸ்ருதர் எழுதிய பழைய வைத்திய நூலிலேயே இருக்கிறது. கிழிந்த குடலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விடுவார்கள். கவ்வியதும் உடம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். பின் ரெடி!

மெஷின் வந்தது 1908-ல். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஹ்யூமர் ஹூல்ட்ல் என்ற சர்ஜன். கருவி செய்யும் விக்டர் ஃபிஷரோடு சேர்ந்து ஒரு ஸ்டேப்ளர் உருவாக்கினார். எடை சுமார் 3.6 கிலோ. பாகங்களை மாட்டித் தயார் செய்யவே இரண்டு மணி நேரம். பேஷன்ட் படுத்திருப்பாரா, எழுந்து போய் டிபன் சாப்பிட்டு வருவாரா!

ஆனால் அந்த மனிதர் அன்றைக்கே போட்டு வைத்த இரண்டு விதிகளை இன்று வரை யாரும் மாற்றவில்லை. ஒன்று, பின் மடங்கும்போது ஆங்கில 'பி' எழுத்து மாதிரி மடங்க வேண்டும். ஆபீஸ் பின் போல நசுக்கிவிட்டால் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துவிடும். 'பி' வடிவத்தில் இடைவெளி இருப்பதால் சின்ன ரத்தக் குழாய்கள் பிழைக்கும். இரண்டு, பின்கள் செங்கல் கட்டு மாதிரி மாற்றி மாற்றி வரிசையில் இருக்க வேண்டும். ஒரு வரிசையின் இடைவெளியை அடுத்த வரிசை அடைத்துவிடும்.

அதே நாட்டுக்காரர் அலடார் பெட்ஸ் 1921-ல் எடையைக் குறைத்து ஒன்று கொண்டுவந்தார். 1934-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஃப்ரீட்ரிக் என்பவர், பின்கள் உள்ள பாகத்தை மட்டும் கழற்றி மாட்டுகிற வசதி செய்தார். அப்புறம் ரஷ்யர்கள் களத்தில் இறங்கினார்கள். 1951-ல் இதற்கென்றே மாஸ்கோவில் ஓர் ஆராய்ச்சி நிலையம்! ரத்தக் குழாய்க்கு, நுரையீரலுக்கு, குடலுக்கு என்று தனித்தனிக் கருவிகள்.

டிரை கிளீனிங்காரர் வந்தார்

1958-ல் மார்க் ராவிட்ச் என்ற அமெரிக்க சர்ஜன் சோவியத் யூனியனுக்குப் போனார். கீவ் நகரில் நுரையீரல் ஆபரேஷனில் ஸ்டேப்ளர் போடுவதைப் பார்த்து அசந்து போனார். லெனின்கிராடில் ஒரு கடையில் ஒன்றை விலைக்கு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

ரஷ்யக் கருவி வேலையில் கெட்டி. வசதியில் மட்டம். ஒவ்வொரு பின்னையும் கையால் எடுத்து அடுக்க வேண்டும். ஒரு கருவியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

இங்கேதான் லியான் ஹிர்ஷ் வருகிறார். டாக்டர் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. டிரை கிளீனிங் மெஷின் வியாபாரம் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர். (சேலைக்கும் ஸ்டேப்ளருக்கும் எங்கேயோ ஒரு பூர்வஜென்ம பந்தம் இருக்கிறது!) ரஷ்ய ஸ்டேப்ளரைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: 'பின்னை யார் உட்கார்ந்து அடுக்குவது? மொத்தமாக அடுக்கி, சுத்தம் செய்து, ஒரு பெட்டியாகக் கொடுத்தால் என்ன?' பால்சா மரக்கட்டையில் மாதிரி செதுக்கி ராவிட்சிடம் கொண்டுபோய்க் காட்டினார். 1964-ல் கம்பெனி. 1967-ல் கடைக்கே வந்துவிட்டது. வேலை செய்கிறவனின் சள்ளையைப் பார்த்துக் கருவியைத் திருத்தினால் அது ஜெயிக்கும் என்பதற்கு ஹிர்ஷ் நல்ல உதாரணம்.

மெதுவடை டெஸ்ட்!

இப்போதைய கருவிகளில் பின்கள் பெரும்பாலும் டைட்டானியம். துருப்பிடிக்காது, காந்தத்தில் ஒட்டாது. உள்ளேயே ஆயுசுக்கும் இருந்துவிடும். (தோலில் போடுகிற பின் வேறு. அதைச் சில நாளில் கழற்றிவிடுவார்கள்.)

நீள ஸ்டேப்ளர் ஒன்று உண்டு. அமுக்கினால் இரண்டு பக்கமும் பின் வரிசைகளை அடித்துக்கொண்டே போகும், நடுவில் ஒரு கத்தி பின்தொடர்ந்து வெட்டும். தைப்பதும் வெட்டுவதும் ஒரே ஓட்டத்தில்.

இன்னொன்று வட்ட ஸ்டேப்ளர். பெரியப்பாவுக்குப் போட்டது இதுதான். குடலின் இரண்டு முனைகளையும் வட்டமாகச் சேர்த்துத் தைத்துவிட்டு, நடுவில் உள்ள சதையை வளையமாக வெட்டி எடுக்கும். வெளியே வந்ததும் டாக்டர் முதலில் பார்ப்பது அந்த இரண்டு வளையங்களைத்தான். மெதுவடை மாதிரி முழு வட்டமாக இருக்க வேண்டும். வடையில் ஒரு பக்கம் விட்டிருந்தால், தையலிலும் அந்தப் பக்கம் விட்டிருக்கலாம் என்று அர்த்தம்!

அதற்கப்புறம் சைக்கிள் கடை டெஸ்ட். வயிற்றுக்குள் உப்புத் தண்ணீரை விட்டு, சேர்த்த இடம் முங்கியிருக்கும்போது கீழிருந்து குடலுக்குள் காற்று அடிப்பார்கள். குமிழி வந்தால் பஞ்சர். உடனே கையால் தையல்.

எங்கே சறுக்குகிறது?

இவ்வளவு இருந்தும் மக்கர் பண்ணுகிறதா என்றால்... பண்ணுகிறது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2011 ஜனவரி முதல் 2018 மார்ச் வரை ஸ்டேப்ளர், பின் சம்பந்தமாக வந்த புகார்கள் 41,000-க்கு மேல். அவற்றில் 366 மரணங்கள், 9,000-க்கு மேல் கடுமையான பாதிப்புகள், 32,000-க்கு மேல் கருவிக் கோளாறுகள். எல்லாவற்றுக்கும் ஸ்டேப்ளர்தான் காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நோயாளியின் உடல்நிலையும் சேர்ந்திருக்கும். ஆனாலும் சும்மா ஒதுக்கிவிடுகிற கணக்கா இது? அதுவரை உடம்புக்குள் போடும் ஸ்டேப்ளரை ஆபத்துக் குறைந்த முதல் வகுப்பில்தான் வைத்திருந்தார்கள். 2021 அக்டோபரில் இரண்டாம் வகுப்புக்கு மாற்றினார்கள். உபயோகிப்பவர் கையில் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதும், லேபிளில் எச்சரிக்கை போடுவதும் கட்டாயமாயின.

கோளாறு எங்கெல்லாம் வருகிறது? முதலாவது, தடிமன். மெல்லிசான சதைக்கு ஓர் உயரம், தடித்த சதைக்கு வேறு உயரம். உதாரணத்துக்கு 2.5 மில்லிமீட்டர் பின் மடங்கினால் 1 மில்லிமீட்டர், 3.5 பின் மடங்கினால் 1.5. பெட்டிக்கு வெள்ளை, நீலம், பச்சை என்று கலர் அடையாளம். உயரம் குறைந்ததைத் தடித்த இடத்தில் போட்டால் 'பி' மடங்காது. அதிகமானதை மெல்லிய இடத்தில் போட்டால் ரத்தம் கசியும். பிரச்னை என்னவென்றால் சதையின் தடிமனைச் சொல்ல ஸ்கேல் கிடையாது. டாக்டரின் கண்ணும் விரலும்தான் கணக்கு. போதாக்குறைக்கு, கலர் கணக்கு எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று இல்லை!

இரண்டாவது, அவசரம். குடல் சதையில் பாதிக்கு மேல் நீர். கவ்விப் பிடித்துச் சில விநாடி காத்திருந்தால் நீர் விலகிச் சதை அமுங்கும், அப்புறம் பின் ஒழுங்காக மடங்கும். 'சட்டுபுட்டுனு முடி' என்கிற ஜாதிக்கு இது ஆகாது.

மூன்றாவது, கை. 2004-ல் லேப்பராஸ்கோப்பி சர்ஜன்கள் 726 பேரிடம் கேட்டு ஓர் ஆய்வு வந்தது. கையுறை அளவு 6.5-ம் அதற்குக் கீழும் உள்ளவர்கள், முக்கியமாக ஸ்டேப்ளரை அமுக்கக் கஷ்டப்படுவதாகச் சொன்னார்கள். சின்னக் கை என்றால் பெரும்பாலும் லேடி டாக்டர்கள்தானே? ஆம்பளைக் கைக்கு அளவெடுத்துச் செய்த கருவி! அமுக்கும்போது கை நடுங்கினால் நுனியும் ஆடும். இப்போது பாட்டரியில் ஓடும் ஸ்டேப்ளர்கள் வந்திருக்கின்றன. பட்டனை அழுத்தினால் மோட்டார் தள்ளும். சதை தடிப்பாக இருந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ரகங்களும் உண்டு.

நான்காவதுதான் பயங்கரம். பின் தீர்ந்துபோன பெட்டியோடு மறுபடி அமுக்கினால்? தையல் இல்லாமல் கத்தி மட்டும் ஓடும்! இதைத் தடுக்க, காலிப் பெட்டி இருந்தால் கத்தி நகராமல் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பவர்லூம்ல ஊடை அறுந்தா தறி தானா நின்னுக்குமில்ல... அது மாதிரி. சேலைக்கே வச்சிருக்கான், மனுஷனுக்கு வைக்காம இருப்பானா கண்ணு?" என்றார்.

நாம் என்ன கேட்கலாம்?

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. கருவிக் கோளாறுகளைப் பதிவு செய்ய 2015-லிருந்தே 'மெட்டீரியோவிஜிலன்ஸ்' என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. டாக்டர், நர்ஸ் மட்டும் இல்லை, நோயாளியே புகார் கொடுக்கலாம். (பெயரை வாயில் நுழைய வைத்திருந்தால் இன்னும் பத்துப் பேர் கொடுத்திருப்பார்களோ?) பதிவான கோளாறுதான் அடுத்த டிசைனில் சரியாகும். பதிவாகாதது அடுத்த பேஷன்ட்டுக்கு அப்படியே போய்ச் சேரும்.

விலை இன்னொரு தலைவலி. ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய வேண்டிய பெட்டிகள், ஒரு ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று ஆகும். பில்லில் அது தனியாக உட்கார்ந்து முறைக்கும். இந்தியக் கம்பெனிகளும் ஸ்டேப்ளர் செய்கின்றன. விலை குறையட்டும், வரவேற்போம். பூட்டும் ஏற்பாட்டிலும் பின்னின் உயரத்திலும் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது குடல் ஆபரேஷன் என்றால், டாக்டரிடம் மரியாதையாக நாலு கேள்வி கேளுங்கள். கைத்தையலா, ஸ்டேப்ளரா, ஏன்? ஒருமுறைக்கான பெட்டி புதிதாகப் பிரிக்கப்படுமா? சேர்த்த இடத்தைக் காற்று விட்டுப் பார்ப்பீர்களா? வீட்டுக்கு வந்த பிறகு எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? கடைசிக் கேள்வியை மறந்தும் விடாதீர்கள். ஜுரம், வயிறு உப்புசம், குறையாத வலி, படபடப்பு என்றால் 'விடியட்டும் பார்க்கலாம்' என்று கஷாயம் வைத்துக் கொடுக்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த ஸ்டேப்ளர் போட்டார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஸ்கேன் எடுக்கும்போது உதவும். அந்தச் சீட்டுகளையெல்லாம் சேர்த்துப் பத்திரமாக வைக்க...

அதற்கு மட்டும் ஆபீஸ் ஸ்டேப்ளர் போதும். பின் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்!