ஏடு தந்த மரமும் காகிதம் தரும் மரமும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைக் கடந்து பழவேற்காட்டுக் கடற்கரையை நோக்கிச் செல்வோர் பனையையும் சவுக்கையும் காண்பர். முன்னது நம் முன்னோர் எழுதிய ஏட்டைத் தந்த மரம். பின்னது இன்று காகிதக் கூழுக்கு வெட்டப்படும் மரங்களுள் ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையே நீண்டதொரு வரலாறு உண்டு.

திருமறை வசனங்கள் தொடக்கத்தில் பதிவுசெய்யப்பட்ட பொருள்களுள் பேரீச்ச மட்டையும் ஒன்று. அரபகத்தில் பேரீச்சை ஆற்றிய பணியைத் தமிழகத்தில் பனை ஆற்றியது. ஓலையைப் பதப்படுத்தி உலர்த்தி, எழுத்தாணியால் கீறி, கரி தடவி எழுத்தைத் துலங்கச் செய்தனர். ஓலை கொய்த பின்னும் மரம் வாழ்ந்தது.

சீனத்தில் கி.பி. 105ஆம் ஆண்டளவில் சாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர் மரப்பட்டை, சணல், கந்தல் துணி முதலியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார். பட்டைக்குப் பெயர்பெற்றது காகித முசுக்கட்டை மரம். கிளைகளை வெட்டிப் பட்டையை உரித்தாலும் அதன் அடிமரம் மீண்டும் துளிர்க்கும்.

8ஆம் நூற்றாண்டில் இக்கலை சமர்கந்தை அடைந்து, அந்நூற்றாண்டின் இறுதியில் பக்தாதிலும் வேரூன்றியது. முஸ்லிம் கைவினைஞர்கள் ஆளி நாரையும் சணலையும் கந்தலையுமே கூழாக்கினர். மரத்தை வெட்டும் தேவை எழவில்லை. பாரசீகத்தின் ‘காகஸ்’ என்னும் சொல்லே தமிழில் ‘காகிதம்’ ஆயிற்று. ராஜஸ்தானத்துச் சாங்கானேரில் காகஸிகள் எனப்படும் முஸ்லிம் மரபினர் இன்றும் கையால் காகிதம் செய்கின்றனர்.

19ஆம் நூற்றாண்டில் நிலை மாறியது. மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினை வேதிப்பொருள்களால் கரைத்து, அடிமரத்தையே கூழாக்கும் முறை மேலைநாடுகளில் பரவிற்று. பட்டையும் கந்தலும் பின்தள்ளப்பட்டன. தைலமரமும் சவுக்கும் கூழுக்கான பயிர்களாயின. எனினும், 1979இல் நிறுவப்பட்டு 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது. எறியப்படும் பொருளிலிருந்து தாள் செய்யும் பழைய அறிவு புதிய வடிவில் திரும்பியதாகவே இதனைக் கொள்ளலாம்.

சவுக்குச் சில ஆண்டுகளில் வளரும். வெட்டினால் மீண்டும் நடலாம். பனையோ பயன்தரவே பதினைந்து ஆண்டுகளுக்குமேல் கேட்கும். தலை கொய்தால் துளிர்க்காது. செங்கல் சூளைக்கும் மனைநிலத்துக்கும் எண்ணற்ற பனைகள் வீழ்ந்த பிறகே, அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள் அம்மரத்தோடு நமக்குள்ள உறவின் எச்சமாகும். ஏடு மறைந்தது காலத்தின் மாற்றம். ஏட்டைத் தந்த மரமும் மறையுமாயின் அது நம் பொறுப்பின்மையே.