தை மொழிகளில் உறவுமுறைச் சொற்களின் மீட்டுருவாக்கம்

தை மொழிகளில் உறவுமுறைச் சொற்களின் மீட்டுருவாக்கம் என்பது, இன்று வழங்கும் தை மொழிகளின் உறவுமுறைச் சொற்களை ஒப்பிட்டு, அவற்றுக்கு மூலமான மொழியில் அச்சொற்கள் எவ்வாறு ஒலித்தன, எவ்வுறவினரைக் குறித்தன என்பவற்றை உய்த்தறியும் ஆய்வு ஆகும். இந்த மூல மொழி மொழியியலில் மூலத் தை மொழி எனப்படுகிறது. இம்மொழியில் எழுதப்பட்ட ஆவணம் எதுவும் இல்லை. எனவே இதனைப் பற்றி அறியப்படுபவை அனைத்தும் ஒப்பீட்டின் வழியாகக் கிடைத்தவையே. ஒரு சொல்லின் ஒலி மீட்கப்பட்டாலும், அது பழங்காலத்தில் யாரைக் குறித்தது என்பது தானாகப் புலப்படுவதில்லை. இதுவே இவ்வாய்வின் முதன்மையான சிக்கல் ஆகும்.

பின்னணி

தை மொழிகள் தாய்லாந்து, லாவோஸ், மியான்மரின் சான் மாநிலம், வடவியட்நாம், தென்சீனாவின் குவாங்சி ஆகிய பகுதிகளில் பேசப்படுகின்றன. இவை தை-கடாய் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சீனாவில் பிறந்த மொழியியலாளரான லி ஃபாங்-குவெய் இம்மொழிகளை வடக்கு, நடு, தென்மேற்கு என மூன்று கிளைகளாகப் பிரித்தார். 1977 இல் வெளியான அவரது ஒப்பியல் தை மொழிக் கையேடு இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. பிட்டயாவட் பிட்டயாபோன் 2009 இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, மூலத் தை மொழியின் ஒலியமைப்பை மறு ஆய்வு செய்தது. உறவுமுறைச் சொற்களைத் தனியே ஆராய்ந்த தொடக்க கால ஆய்வுகளுள் பால் பெனடிக்ட் 1943 இல் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது.

ஒப்பீட்டு முறை

தை மொழிகள் தொனி மொழிகள் ஆகும். அதாவது, ஓர் அசையை ஒலிக்கும் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளும் மாறும். மூலத் தை மொழியின் தொனி வகைகள் 'ஏ', 'பி', 'சி', 'டி' எனப் பெயரிடப்பட்டுள்ளன. பிற்காலத்தில் ஒவ்வொரு வகையும் சொல்லின் முதல் மெய்யைப் பொறுத்து இரண்டாகவோ அதற்கு மேலோ பிரிந்தது. ஆகவே ஒரே மூலத்திலிருந்து வந்தவை எனக் கருதப்படும் இரு சொற்கள், மெய்யிலும் உயிரிலும் மட்டுமன்றித் தொனி வகையிலும் ஒத்துப்போக வேண்டும். தற்செயலான ஒற்றுமையைப் பிரித்தறிய இது பெரிதும் உதவுகிறது.

தென்மேற்குக் கிளையைச் சேர்ந்த தாய்லாந்து மொழியையும், குவாங்சியில் பேசப்படும் வடக்குச் சுவாங் மொழியையும் ஒப்பிடும்போது பின்வரும் இணைகள் கிடைக்கின்றன:

• தந்தை: தாய்லாந்து மொழியில் 'போ', சுவாங்கில் 'போ'. இரண்டும் 'பி' வகை.
• தாய்: இரண்டிலும் 'மே'. 'பி' வகை.
• தாயின் தந்தை: இரண்டிலும் 'தா'. 'ஏ' வகை.
• தாயின் இளைய உடன்பிறப்பு: இரண்டிலும் 'நா'. 'சி' வகை.
• பேரப்பிள்ளை, உடன்பிறப்பின் பிள்ளை: இரண்டிலும் 'லான்'. 'ஏ' வகை.

தமிழ் எழுத்தில் 'போ' என ஒன்றாகத் தோன்றினாலும், தாய்லாந்து மொழியில் இச்சொல்லின் முதல் மெய் மூச்சு கலந்த பகரம் ஆகும். சுவாங்கில் அது மூச்சு கலவாத பகரம். இவ்விரண்டும், 'அம்பு' என்னும் தமிழ்ச் சொல்லில் ஒலிப்பது போன்ற ஒலிப்புடைப் பகரத்திலிருந்து வந்தவை என லி விளக்கினார். அவ்வொலி தாய்லாந்து, லாவோ மொழிகளில் ஒரு வழியிலும், சுவாங், சான் மொழிகளில் வேறு வழியிலும் மாறியது. இதே மாற்றம் உறவுமுறை சாராத பல சொற்களிலும் ஒழுங்காகக் காணப்படுவதால் இம்முடிவு வலுப்பெறுகிறது.

எல்லாச் சொற்களும் இவ்வாறு ஒழுங்காக அமைவதில்லை. மூத்த உடன்பிறப்பைக் குறிக்கும் சொல் தாய்லாந்து மொழியில் 'பீ', சுவாங்கில் 'பெய்'. முன்னது 'பி' வகையிலும் பின்னது 'சி' வகையிலும் உள்ளன. இளைய உடன்பிறப்பைக் குறிக்கும் சொல்லோ (தாய்லாந்து மொழியில் 'நோங்') இரண்டிலும் 'சி' வகையே. மூத்தவர், இளையவர் என்னும் இவ்விரு சொற்களும் சேர்ந்து 'உடன்பிறந்தோர்', 'உறவினர்' என்ற பொருளில் இணைச்சொல்லாக வழங்குகின்றன. இணைச்சொல்லில் ஒன்றன் தொனி மற்றொன்றைப் பாதிப்பது இயலக்கூடியதே. எனினும் இங்கு அவ்வாறே நிகழ்ந்தது என நிறுவத் தனிச் சான்று தேவைப்படும்.

எழுத்துச் சான்று

தாய்லாந்து எழுத்துமுறை பழைய வேறுபாடுகள் சிலவற்றைப் பாதுகாத்துள்ளது. 'தந்தை', 'மூத்த உடன்பிறப்பு' ஆகிய சொற்கள் இந்திய எழுத்துமுறையின் ஒலிப்புடைப் பகரத்திலிருந்து தோன்றிய எழுத்தால் எழுதப்படுகின்றன. தந்தையின் தந்தையைக் குறிக்கும் 'பூ' என்னும் சொல்லுக்கு ஒலிப்பிலாப் பகரத்தின் எழுத்து பயன்படுகிறது. 'லான்' என்னும் சொல்லில் லகரத்துக்கு முன் ஹகர எழுத்து இடப்படுகிறது. இது, மூல மொழியில் அச்சொல்லின் லகரம் ஒலிப்பிலா ஒலியாக இருந்தது என்னும் கருத்துடன் பொருந்துகிறது.

1292 ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் ராம்காம்ஹேங் கல்வெட்டு, மன்னரின் தந்தை, தாய், தமையன் ஆகியோரின் பெயர்களுடன் தொடங்குகிறது. அங்கும் இதே உறவுச் சொற்களே காணப்படுகின்றன. இக்கல்வெட்டின் காலம் குறித்து 1980களின் இறுதியில் ஐயம் எழுப்பப்பட்டது. ஆயினும் மேற்கூறிய எழுத்து வேறுபாடு அக்கல்வெட்டுக்கு மட்டும் உரியதன்று.

பொருளை மீட்டல்

தாய்லாந்து மொழியில் பெற்றோரின் உடன்பிறந்தோரைக் குறிக்க நான்கு சொற்கள் உள்ளன. பெற்றோரின் அண்ணன் 'லுங்', அக்காள் 'பா'. இவற்றில் தந்தை வழி, தாய் வழி என்ற வேறுபாடு இல்லை. தாயின் தம்பியும் தங்கையும் 'நா', தந்தையின் தம்பியும் தங்கையும் 'ஆ'. இவற்றில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை.

இவ்வமைப்பு முழுவதும் பழமையானது எனக் கொள்ள முடியாது. லாவோ மொழியில் தந்தையின் தம்பி 'ஆவ்', தங்கை 'ஆ'. சான் மொழியிலும் சுவாங்கிலும் தந்தையின் தம்பியைக் குறிக்க 'ஆவ்' என்பதற்கு இணையான சொல் உண்டு. வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்த மொழிகள் ஒரே சொல்லை ஒரே பொருளில் கொண்டிருப்பதால், அது மூல மொழியிலேயே இருந்தது எனக் கொள்வதே பொருத்தம் ஆகும். எனவே, தம்பியையும் தங்கையையும் 'ஆ' என்ற ஒரே சொல்லால் குறிப்பது தாய்லாந்து மொழியில் பின்னர் ஏற்பட்ட மாற்றம் ஆகும்.

'லுங்' என்னும் சொல் இதைவிடச் சிக்கலானது. ஒலியும் தொனியும் சுவாங் மொழியுடன் ஒத்துப்போகின்றன. ஆனால் சுவாங் வழக்குகள் பலவற்றில் அது சிறப்பாகத் தாயின் அண்ணனையே குறிக்கிறது. பொருள் ஓரிடத்தில் விரிந்ததா, மற்றோரிடத்தில் சுருங்கியதா என்பதை ஒலி விதிகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. தாய்லாந்தில் உறவினர் அல்லாத முதியவரையும் 'லுங்' என அழைப்பது வழக்கம். இத்தகைய பழக்கம் பொருள் விரிவுக்குத் துணைபுரியும். மறுபுறம், ஒரு கடன்சொல் பொருளின் ஒரு பகுதியைக் கைப்பற்றினால், பழைய சொல் எஞ்சிய பகுதியோடு சுருங்கிவிடும்.

கடன்சொற்களும் மழலைச் சொற்களும்

தாய்லாந்து மொழியின் முறைசார் வழக்கில் தந்தை 'பிதா', தாய் 'மான்தா', கணவன் 'சாமி' எனப்படுகின்றனர். இவை இந்திய மொழிகளிலிருந்து பெறப்பட்டவை. கணவன், மனைவியைக் குறிக்கும் பழைய சொற்களான 'புவா', 'மியா' பாங்காக் வழக்கில் மதிப்புக் குறைந்தவையாகக் கருதப்படுகின்றன. லாவோ மொழியிலோ அவற்றின் இணைச்சொற்கள் இயல்பான சொற்களாக உள்ளன. சுவாங்கில் அண்ணனைக் குறிக்கும் 'கோ' சீன மொழியிலிருந்து வந்தது.

'மே' போன்ற சொற்களில் வேறொரு எச்சரிக்கை தேவை. குழந்தைகள் முதலில் எழுப்பும் எளிய ஒலிகளிலிருந்து பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் உருவாவதால், தொடர்பற்ற மொழிகளிலும் அவை ஒத்திருக்கும் என ரோமன் யாக்கோப்சன் 1960 இல் விளக்கினார். இதனால் இச்சொற்களை மட்டும் கொண்டு மொழி உறவை நிறுவ முடியாது. தொனி உள்ளிட்ட ஒழுங்கான இணைவுகள் அவசியம்.

முடிவுகளின் எல்லை

உடன்பிறந்தோரில் பாலைவிட மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு முதன்மை பெற்றது என்பதும், பேரப்பிள்ளைகளும் உடன்பிறந்தோரின் பிள்ளைகளும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டனர் என்பதும் ஓரளவு உறுதியான முடிவுகள் ஆகும். இவற்றைக் கொண்டு பண்டைய தை மக்களின் திருமண முறையையோ சொத்துரிமையையோ நேரடியாக ஊகிப்பது பொருத்தமன்று. சமூக வழக்கம் மாறிய பின்னும் சொல் நிலைத்திருக்கலாம். வழக்கம் மாறாமலே சொல் மறையவும் கூடும்.