வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்

வாய்ப்புண் எரிந்தால் அன்றைக்கே மருந்துக் கடைக்குப் போகிறோம். வலிக்காத திட்டை மட்டும் வருடக்கணக்கில் கண்டுகொள்வதில்லை. வாய்ப் புற்றுநோயின் முன்னோடிகள் பெரும்பாலும் வலிக்காமல்தான் வருகின்றன.

முதலாவது வெள்ளைத் திட்டு. மருத்துவர்கள் ‘லூகோபிளேக்கியா’ என்பார்கள். புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்கி வைக்கிறார்களோ, பல நேரம் அங்கேயே தோன்றும். பூஞ்சைத் தொற்றால் வரும் மாவு போன்ற படலம் துடைத்தால் பெரும்பாலும் உரிந்துவிடும், இது உரியாது. இத்தகைய திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால்தான் சந்தேகப்பட்டால் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கிறார்கள். நாக்கின் ஓரத்திலோ அடியிலோ திட்டு இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

இரண்டாவது சிவப்புத் திட்டு. அரிதாகவே வரும்; ஆனால் வெள்ளையைவிட மிகவும் ஆபத்தானது. வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது, பாக்கு போடுபவர்களுக்கு வரும் வாய் இறுக்கம். முதலில் காரம் பட்டாலே எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்நாராக இறுகும். வாயைத் திறந்து மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘புகையிலை இல்லை, வெறும் பாக்குதானே’ என்ற சமாதானம் செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே புற்றுநோய்க் காரணியாக அறிவித்திருக்கிறது.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, டார்ச் அடித்துப் பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். உதட்டின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறு, அண்ணம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கைத் தூக்கினால் தெரியும் அடிப்பகுதி என எதையும் விடாதீர்கள். விரலால் தடவினால் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா, கழுத்தில் கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த எளிய சோதனைக்குப் பலன் உண்டா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் வெளியான முடிவுகள் காட்டின.

திட்டோ புண்ணோ இரண்டு வாரம் தாண்டியும் மறையாவிட்டால் களிம்பு மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். புகையிலையையும் பாக்கையும் இன்றே நிறுத்துங்கள்.