காவேரிப் பரிசல்

மல்லசமுத்திரம் என்று நம் ஊரின் பெயரைச் சொன்னால், "ஓஹோ, உங்கள் ஊரில் கடல் உண்டோ?" என்று வேடிக்கையாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சமுத்திரம் என்று முடியும் ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கடலைக் கண்டறியாதவை. பெரிய ஏரியைத்தான் நம் முன்னோர்கள் அப்படிச் சமுத்திரமாக்கிப் பெருமைப்படுத்தினார்கள். மழை பொய்த்த வருஷங்களில் அந்தச் சமுத்திரங்களில் ஆடு மேயும். ஆகவே படகு, துடுப்பு, வலை என்ற சொற்களை நம் பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்துத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் திருச்செங்கோட்டைக் கடந்து மேலும் சிறிது தூரம் சென்றால் காவேரி வந்துவிடுகிறாள். அவள் கரையோரத்தில் சொந்தமாக ஒரே ஒரு பரிசலை வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே குடும்பம் நடத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் ஒகேனக்கல் முதல் மோகனூர் வரை நாம் பலமுறை அந்தக் கரைகளில் திரிந்ததுண்டு. கப்பலைப் பற்றியும் கட்டுமரத்தைப் பற்றியும் எழுதுவோர் பலர். வட்டப் பரிசலைப் பற்றி எழுதுவோர் அரியர். அதனாலேயே இதை எழுதத் துணிந்தோம்.

பரிசல் என்பது தண்ணீரில் மிதக்கும் ஒரு பெரிய கூடை. அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை. மூங்கிலைப் பிளந்து, நீண்ட பத்தைகளாகச் சீவி, தரையிலே பரப்பிக் குறுக்கும் நெடுக்கும் பின்னுகிறார்கள். நடுப்பாகம் பின்னி முடிந்ததும் அதன்மேல் கனமான கற்களை ஏற்றி வைத்து, சுற்றிலும் நீண்டிருக்கும் பத்தைகளை மேல்நோக்கி வளைத்துக் கொண்டு வருகிறார்கள். கல்லின் பாரத்தால் அடி தட்டையாக நிற்க, விளிம்பு கிண்ணம்போல் எழும்புகிறது. விளிம்பில் பல பத்தைகளைச் சேர்த்துத் தடித்த வளையமாக முறுக்கிக் கட்டிவிட்டால் கூடு ஆயிற்று. இதில் ஆணி இல்லை, இரும்பே இல்லை. பாறையில் மோதினாலும் மூங்கில் வளைந்து கொடுத்து மீளுகிறதேயன்றி உடைவதில்லை. மரப்படகு பிளந்துபோகும் இடத்தில் பரிசல் குலுங்கிவிட்டு அப்பால் போகிறது. ஒகேனக்கல்லில் பாறைச் சந்துகளுக்கிடையே இதைத் தவிர வேறு எந்த வாகனமும் செல்ல இயலாதென்பதை அங்கே போய்வந்தவர்கள் அறிவார்கள். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகைகிற கல் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். அத்தகைய பிரவாகத்துக்குப் பக்கத்திலே இந்த மூங்கில் கூடை ஓடுகிறது!

கூட்டுக்கு மேல் போர்வை வேண்டும். பழைய நாளில் மாட்டுத் தோலையோ எருமைத் தோலையோ தைத்துப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் சாக்கும் வைத்துத் தைத்து, அதன்மேல் தாரைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். ஒகேனக்கல்லில் ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது. தோல் பரிசலைத் தம் தகப்பனார் வைத்திருந்ததைக் கண்ட முதியவர் ஒருவரைப் பண்ணவாடித் துறையில் சந்தித்தோம். "தோலுப் பரிசல் கைக்குழந்தை மாதிரிங்க, வாத்தியாரய்யா. ராத்திரி ஈரத்தோட உட்டுப்போட்டா நாறிப் போயிரும். வெய்யில்ல ரொம்பக் காய்ஞ்சாலும் வெடிச்சுப் போயிரும். இந்தத் தாருக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லீங்க" என்றார். சுதேசித் தொழில் என்றால் பழைய முறை மாறவே கூடாதென்று நினைப்பவர்கள் அந்த முதியவரிடம் சிறிது நேரம் பேசிப் பார்க்கலாம்.

தார் வந்ததனால் பராமரிப்பு ஒழிந்துவிடவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பரிசலைத் தலைமேல் தூக்கிவந்து மேட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஆமைகள் வரிசையாகப் படுத்திருப்பதுபோல் தோன்றும். கவிழ்த்து வைத்தபின் உள்ளே படுத்துக்கொண்டு மேலே அண்ணாந்து பார்ப்பது ஒரு பரீட்சை. எங்கேனும் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே தார் விட்டிருக்கிறதென்று அர்த்தம். சட்டியில் தாரைக் காய்ச்சி, ஒரு துணித் துண்டை ஒட்டி, மேலே பூசிவிடுகிறார்கள். கோடை வெயிலில் தார் இளகி மணல் ஒட்டிக்கொள்வதும், பனிக்காலத்தில் இறுகி வெடிப்பு விடுவதும் உண்டு. மூங்கிலுக்கோ வேறு சத்துரு இருக்கிறது. உள்ளே தேங்கும் தண்ணீரும் மீன் கசிவும் பத்தைகளை உளுக்கச் செய்துவிடுகின்றன. போர்வையை மாற்றலாம், கூடு உளுத்தால் புதிது பின்னுவதைத் தவிர வழி இல்லை. "ரெண்டு மூணு வருசம் வந்தா மகராசன்" என்பது அவர்கள் கணக்கு.

ஓட்டுவது பார்ப்பதற்கு எளிது. துடுப்பை வாங்கி நாமும் முயன்றோம். பரிசல் இருந்த இடத்திலேயே சக்கரம்போல் சுழன்றதே தவிர ஓர் அடியும் முன்னே போகவில்லை. கரையிலிருந்த சிறுவர்களுக்கு அன்று நல்ல தமாஷ். நீண்ட படகைப் பக்கவாட்டில் துடுப்பிட்டுச் செலுத்துவதுபோல் இதைச் செலுத்த முடியாது. போக வேண்டிய திசையைப் பார்த்து விளிம்பருகே உட்கார்ந்து, முன்னாலுள்ள நீரைத் துடுப்பால் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். இடமும் வலமுமாக மாற்றி மாற்றி இழுத்தால்தான் சுழற்சி அடங்கும். சுழல்வதை இதன் குற்றமென்று சொல்வதற்கில்லை. ஓட்டத் தெரிந்தவன் கைக்கு அதுவே திருப்பும் வசதியாகிவிடுகிறது.

1520-ஆம் ஆண்டை ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியரான டொமிங்கோ பயஸ் துங்கபத்திரையில் இதே பரிசலைப் பார்த்து வியந்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், கூடைபோல் வட்டம், பதினைந்து இருபது பேரைத் தாங்கும், குதிரையும் எருதும்கூட ஏறும், ஆனால் நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும் என்று அவர் குறித்திருக்கிறார். அதற்கும் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹெரடோட்டஸ் என்ற கிரேக்க ஆசிரியர் பாபிலோனுக்கு வந்த வட்டத் தோல் படகுகளை வர்ணித்தார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதை ஏறி வருமாம். சரக்கை விற்றபின் கூட்டையும் அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்களாம். எதிர்வெள்ளத்தில் வட்டப் படகு ஏறாதல்லவா? நம் ஒகேனக்கல்காரர்களுக்குக் கழுதை இல்லை. ஆற்றோடு இறங்கிய பரிசலை அவர்களே தலையில் சுமந்து பாறைமேல் ஏறி மறுபடி மேல்துறைக்குக் கொண்டு வருகிறார்கள். பிரிட்டனின் வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் பரிசல் உண்டு. அங்கே இரண்டு பரிசல்கள் நடுவில் ஒரு வலையைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு மிதந்து மீன் பிடிக்கும். சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இவ்விரு நாட்டுப் பரிசல்களையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

நிற்க. பரிசல்காரரின் வாழ்க்கையை இன்று நிர்ணயிப்பது மேட்டூர் அணை. 1925-இல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்டு 21-ஆம் தேதி திறக்கப்பட்ட அணை அது. அதன் பின்னே நிரம்பும் ஸ்டான்லி நீர்த்தேக்கம் முழு மட்டமாகிய 120 அடியைத் தொடும்போது ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்பு நீராகிவிடுகிறது. ஆற்றங்கரையில் இருந்த ஊர்கள் பல அதில் மூழ்கின. நீர்மட்டம் சுமார் எழுபது அடிக்கு இறங்கும் காலங்களில், பண்ணவாடிக்கு அருகே பழைய ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், மூழ்கிய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் மெல்லத் தலை காட்டும். பத்திரிகைகள் படம் போடும். ஜனங்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். அந்நாட்களில் பரிசல்களுக்குச் சவாரியும் கிடைக்கும்.

மீன் பிடிப்பவருக்கோ அது வேறு காட்சி. அவர்கள் மாலையில் இருவர் இருவராகப் புறப்படுகிறார்கள். ஒருவர் துடுப்பை இழுக்க, மற்றவர் வலையை மடிப்பு மடிப்பாக நீரில் விட்டுக்கொண்டே போகிறார். மேலே மிதவை, கீழே ஈயக்குண்டு. நடுவில் வலை திரைபோல் நிற்கிறது. ஓடிவரும் மீன் கண்ணியில் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்கிறது. அவ்வலையில் ஒரு வகைக்கு ரங்கூன் வலை என்றே பெயர். விடியுமுன் போய் வலையை எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும். நீர் குறைந்திருக்கும்போது வலை மூழ்கிய ஊர்களின் கற்சுவர்களிலும் பட்ட மரங்களிலும் சிக்குகிறது. இழுத்தால் கிழிகிறது. கிழிசலைத் தைப்பதில் அந்தப் பகல் போய்விடுகிறது. எந்த இடத்தில் எந்தச் சுவர் இருக்கிறதென்று மனத்திலே படம் எழுதி வைத்திருக்கும் கிழவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் பிறக்குமுன் மூழ்கிப்போன தெருக்களை அவர்கள் வலையின் கிழிசலைக் கொண்டு அறிந்திருக்கிறார்கள்!

வலையில் ஏறுவது கட்லா, ரோகு, மிர்கால், வாளை, கெளுத்தி முதலியன. முதல் மூன்றும் வட நாட்டு நதிகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை, அழைக்காமலே எல்லா நீர்நிலைகளிலும் குடியேறிவிட்டது. விலை குறைவு, ஆனால் வெறும் வலையோடு திரும்பாமல் காப்பாற்றுவது அதுதான் என்று மீனவர்கள் அதைக் குறை சொல்ல மறுக்கிறார்கள்.

நீர் ஏறி இறங்கும் வேகத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2023 அக்டோபரில் மேட்டூரின் மட்டம் சுமார் 30 அடிக்கு வந்துவிட்டது. பத்து மாதம் ஆகுமுன், 2024 ஜூலை 30-ஆம் தேதி, அணை 120 அடியைத் தொட்டது. முன்னதில் பரிசலைத் தலையில் சுமந்துகொண்டு வெடித்த சேற்று நிலத்தைக் கடந்து தண்ணீரைத் தேடி நடக்க வேண்டியிருந்தது. பின்னதில் கர்நாடகத்து அணைகளிலிருந்து வந்த வெள்ளம் காரணமாகப் பரிசல் இயக்கவே கூடாதென்று உத்தரவு. வறட்சியிலும் பட்டினி, வெள்ளத்திலும் பட்டினி.

வெள்ளத் தடையைக் குறை கூற நாம் தயாராக இல்லை. செந்நிறப் பிரவாகத்தில் ஒரு பரிசல் கவிழ்ந்தால் நீந்தத் தெரிந்தவனும் பிழைப்பது அரிது. ஏற்றக்கூடியதற்கு மேல் ஆட்களை ஏற்றுவதும், மிதவைச் சட்டையை இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பதும் எவ்வளவு விபரீதமென்பதை ஒவ்வொரு விபத்தும் உணர்த்தியிருக்கிறது. ஆயினும், கடலில் மீன்பிடிக்கக் கூடாதென்று ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை விதிக்கும் சர்க்கார், அந்நாட்களுக்குக் கடலோர மீனவருக்கு நிவாரணத் தொகை தருகிறது. அத்தடைக்குத் தேதி உண்டு. ஆற்று வெள்ளத்துக்குத் தேதி இல்லை. எத்தனை நாள் என்று தெரியாத தடைக்குத்தான் உதவி அதிகம் தேவை என்பது நமது அபிப்பிராயம். உத்தரவு பிறக்கும் அன்றே கணக்குத் தொடங்கிவிடலாமே. அதில் என்ன சிரமம்?

இன்னொரு மாறுதலும் நேர்ந்து வருகிறது. பண்ணவாடிக்கும் எதிர்க்கரையாகிய நாகமரைக்கும், கீழே பூலாம்பட்டிக்கும் நெருஞ்சிப்பேட்டைக்கும் விசைப்படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்கின்றன. சாலைவழி சுற்றுவதைவிட இது எவ்வளவோ குறுக்கு. பாலம் வேண்டுமென்ற கோரிக்கையும் நெடுநாளையது. மோகனூருக்கும் வாங்கலுக்கும் இடையே பாலம் எழுந்துவிட்டது. பாலம் வேண்டாமென்று எந்தப் பரிசல்காரரும் நம்மிடம் சொல்லவில்லை. பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணை நள்ளிரவில் மழையோடு அக்கரை சேர்த்த கதையைச் சொன்ன ஒருவர், "அந்தக் கஷ்டம் இனி யாருக்கும் வேண்டாமுங்க" என்று கூறியதைக் கேட்டபோது நமக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் பிழைப்பு அந்தத் துறைதான்.

பண்ணவாடி முதியவருக்கு ஒரே மகன். பள்ளிப்படிப்பு முடிந்ததும் பள்ளிபாளையத்துக்கு விசைத்தறி ஓட்டப் போய்விட்டான். தறிக்கு வாரக்கூலி உண்டு; அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று அது கேட்பதில்லை. "பையன் திரும்பி வருவானா?" என்று கேட்டோம்.

"வரச் சொல்லி நான் கூப்பிடலீங்க. தீபாவளிக்கு வந்தா ஒரு ராத்திரி எங்கூட வலைக்கு வருவான். துடுப்பு அவன் கைக்கு நல்லா நிக்குதுங்க."

அப்படியானால் பரிசலை யாருக்காகப் புதுப்பிக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தோம், கேட்கவில்லை. பழைய கூட்டின் விளிம்பை விரலால் அழுத்திக் காட்டினார். பத்தை மாவாக உதிர்ந்தது. தை பிறந்ததும் மூங்கில் வாங்க ஆளிடம் சொல்லி வைத்திருப்பதாகவும், இம்முறை கொஞ்சம் சிறியதாகப் பின்னிக்கொள்ளப் போவதாகவும், பெரியதை இனித் தனியாகத் தலைக்கு ஏற்ற முடிவதில்லை என்றும் சொல்லிவிட்டுத் தார்ச்சட்டியின் அடியில் சுள்ளியைத் தள்ளினார்.